புண்பட்ட உள்ளமும் ஆறுதலும்: யோர்க் நகரப் புகலகத்தின் வரலாறு

தமிழில் ‘ஆறுதல்’ என்பது பல பொருள் தரும் சொற்களுள் ஒன்று. உலையினின்றும் இறக்கிய சோறு ஆறுகின்றது. உடலிற் பட்ட புண் ஆறுகின்றது. நெடுவழி நடந்தவன் மரநிழலில் இளைப்பாறுகின்றான். பிள்ளையை இழந்த தாய் நாட்செல்ல நாட்செல்ல மனம் ஆறுகின்றாள். வெம்மை தணிதல், புண் மாறுதல், களைப்பு நீங்குதல், துயர் அடங்குதல் ஆகிய நான்கினையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், அவை நான்கும் ஓரினத்தன என உணர்ந்திருந்தனர் போலும். அவற்றுள் எதுவும் ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவதன்று. ஒவ்வொன்றுக்கும் உரிய காலமும் இடமும் வேண்டும்.

இவ்வுண்மை பேச்சு வழக்கில் எளிதாகப் புலப்படினும், மருத்துவ வரலாற்றில் எளிதாக இடம்பெறவில்லை. உள்ளம் நொந்து அறிவு கலங்கியவரை அமைதியான இடத்தில் வைத்து, அவசரமின்றி, அன்போடு பேணினால் அவருட் பலர் தாமே தேறுவர் என்னும் கொள்கை, மேனாட்டிற் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் நிலையமாக உருப்பெற்றது. அத்தகைய நிலையங்களுட் புகழ்பெற்றது, இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க் நகரில் 1796ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் வைத்தியரல்லர். ஒரு தேயிலை வணிகர். அதன் தோற்றத்தையும், அதன் பின்வந்த முயற்சிகளுட் சில வென்றதையும் சில தோற்றதையும் ஆராய்வது, அமைதி எப்பொழுது மருந்தாகும், எப்பொழுது தண்டனையாகும் என்னும் வினாவுக்கு விடை காண உதவும்.

அக்காலத்திற் சித்தப்பிரமைக்கு வழங்கிய சிகிச்சை முறைகளை முதற்கண் அறிதல் வேண்டும். குருதி வடித்தல், பேதி கொடுத்தல், வாந்தி எடுப்பித்தல், தோலிற் கொப்புளம் எழும்படி காரமருந்து பூசுதல், குளிர்நீரில் அமிழ்த்துதல் என்பனவே பெருவழக்காயிருந்தன. இவை ஏழைகளுக்கு மாத்திரம் உரியனவல்ல. 1788ஆம் ஆண்டிற் சித்தங் கலங்கிய மூன்றாம் ஜோர்ஜ் மன்னரையும் வைத்தியர்கள் கைகளைப் பிணிக்கும் சட்டையிட்டு அடக்கினர், நாற்காலியோடு சேர்த்துக் கட்டினர், கொப்புளமருந்தும் பூசினர். நாடாளும் மன்னர்க்கே இந்நிலையெனின் ஏனையோர் நிலையைக் கூறவேண்டுவதில்லை. இலண்டன் நகரத்துப் பெத்லெம் பைத்தியசாலையில், அந்நூற்றாண்டின் பெரும்பகுதியிலும், நகரமாந்தர் பொழுதுபோக்காகச் சென்று நோயாளரைப் பார்த்து வந்தனர். அறிவிழந்தவன் விலங்கோடொத்தவன், அவனுக்குக் குளிரும் பசியும் அவமானமும் உறைக்கமாட்டா என்பதே பலரது எண்ணமாயிருந்தது.

யோர்க் நகரில் 1777இல் ஒரு பைத்தியசாலை திறக்கப்பட்டது. 1790ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்னும் கைம்பெண் அங்கே சேர்க்கப்பட்டார். அவர் குவேக்கர் எனப்படும் கிறித்தவ சமயப் பிரிவினர். உறவினர் தொலைவில் இருந்தமையால், யோர்க்கில் வாழ்ந்த குவேக்கர் சிலரை அவரைச் சென்று பார்க்கும்படி வேண்டினர். சென்றவர்க்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஏறக்குறைய ஆறு வாரங்களின் பின், ஏப்பிரல் மாத இறுதியில், அப்பெண் இறந்தார். மதில்களுக்கு உள்ளே அவருக்கு நேர்ந்தது யாதென வெளியார் எவரும் அறியார். ஓர் ஏழைக் கைம்பெண்ணின் சாவு அக்காலத்திற் பெருஞ்செய்தியன்று. ஆயினும் அச்சாவே ஒரு பெருமாற்றத்துக்கு வித்தாயிற்று.

அச்செய்தி, யோர்க் நகரில் தேயிலையுங் கோப்பியும் விற்றுவந்த வில்லியம் ரியூக் என்பவரின் உள்ளத்தை வருத்தியது. 1732இற் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது ஐம்பத்தெட்டளவு. தம்மவருக்கெனத் தனியே ஓரிடம் அமைத்தல் கூடாதோ என்று அவர் மகள் ஆன் அவரிடம் கேட்டதாகக் கூறுவர். 1792ஆம் ஆண்டிற் குவேக்கர்களின் காலாண்டுக் கூட்டத்தில் அவர் இக்கருத்தினை முன்வைத்தார். தம்மவருட் சித்தங் கலங்கியோர் மிகச் சிலரே, அவர்க்கென ஒரு மனை எதற்கு என்று சிலர் மறுத்தனர். ரியூக் தளரவில்லை. ஆங்கில இலக்கண நூலாற் புகழ்பெற்றவரும் அந்நகரிற் குடியிருந்தவருமான லிண்ட்லி மறே முதலியோர் துணைநின்றனர். பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. நகரின் புறத்தே ஒரு மேட்டுநிலத்தில், பதினொரு ஏக்கர் பரப்பில், முப்பது பேரளவில் தங்கத்தக்க மனை எழுந்தது.

ரியூக் சார்ந்திருந்த சமயத்தவரைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பவராற் தொடங்கப்பெற்ற அச்சமயப் பிரிவில், யோர்க் நகரத்தார் கைக்கொண்ட வழிபாட்டுக்குக் குருவும் இல்லை, சடங்கும் இல்லை, பாட்டும் இல்லை. கூடியவர் யாவரும் வாய்பேசாது அமர்ந்திருப்பர்; எவரேனும் உள்ளத்தில் உந்தப்பட்டால் எழுந்து சில சொற் சொல்லுவர்; மீண்டும் மௌனம் நிலவும். ஒவ்வொரு மனிதனுள்ளும் இறைவனது ஒளி உண்டு என்பது அவர் கொள்கை. இவ்விரண்டும் அவர்தம் முயற்சிக்கு அடிப்படையாயின. மௌனத்துக்கு அஞ்சாது அதனை நாடிப் பழகியமையால், கலங்கிய மனத்துக்கு அமைதி நன்மை தரும் என்று எண்ணினர். சித்தங் கலங்கியவரிடத்தும் அவ்வொளி அவிந்துவிடுவதில்லை என்று நம்பியமையால், அவரை விலங்கெனக் கருத அவர்க்கு மனம் ஒருப்படவில்லை.

மனைக்கு இடும் பெயர் பற்றியும் ஆராய்ந்தனர். பைத்தியசாலை, வைத்தியசாலை என்னும் பெயர்கள் உள்ளே வருபவரை நாணச் செய்யும். ஆதலின், ரியூக்கின் மருமகள் கூறியவாறு, ஆரவாரத்தினின்றும் விலகியிருக்கும் இடம் எனப் பொருள்படும் ‘றிற்றீற்’ என்னும் பெயரைச் சூட்டினர். அதனைத் தமிழிற் புகலகம் எனலாம். வருபவர் பிணியாளர் என்பதினும், சிறிது காலம் உலகின் விரைவினின்றும் ஒதுங்கியிருக்க வந்த விருந்தினர் என்னும் எண்ணத்தை அப்பெயர் தந்தது.

புகலகத்தின் முதல் வைத்தியர் தோமஸ் பவுலர் என்பவர். அவர் தம் காலத்து முறைகளை வெறுத்தவரல்லர். ஒவ்வொன்றையும் நேர்மையாகச் செய்து பார்த்தார். குருதி வடித்தலும் பேதியும் கொப்புளமருந்தும் சித்தத்தைத் தெளிவிக்கவில்லை என்பதைக் கண்டதும், அவற்றைப் பெரும்பாலும் கைவிட்டார். மனச்சோர்வு உற்றோர்க்கு வெந்நீரில் நெடுநேரம் அமர்ந்து நீராடுதல் பயன் தந்தது. உறக்கமின்றி அலைந்தவர்க்கு மயக்கமருந்துக்குப் பதிலாக, இரவில் வயிறார உணவும் சிறிது கருநிற மதுவும் கொடுத்தனர், உறக்கம் வந்தது. தான் கற்ற மருந்து பயனற்றது என ஒரு வைத்தியர் கண்டுகொள்வதும், கண்டபின் அதனை விடுவதும் அரிய செயல்கள். அவ்வகையிற் பவுலர் நன்றியுடன் நினைக்கத்தக்கவர்.

புகலகத்தின் நாளாந்த வாழ்வை நடத்தியவர் ஜோர்ஜ் ஜெப்சன் என்பவர். அவர் முன்னர் நெசவுத் தொழில் செய்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். 1797 முதல் அவர் மேற்பார்வையாளராக இருந்தார். பெண்கள் பகுதியைப் பார்த்து வந்த கதரின் அலன் என்பாரைப் பின்னர் மணந்தார். இருவரும் அம்மனையிலேயே வாழ்ந்து, அங்குள்ளோர் உண்ணும் வேளையையும் உறங்கும் வேளையையும் அவர்தம் மனநிலை மாறும் வேளையையும் நேரில் அறிந்தனர்.

அவர்களது முறையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். முப்பத்துநான்கு வயதளவான, பேருடல் படைத்த ஒருவர் அங்கே கொணரப்பட்டார். முன்பு இருந்த இடத்தில் அவருடைய கைவிலங்கை ஒருபோதும் கழற்றாதிருக்கும் பொருட்டு, உடைகளைக் கயிற்றால் முடிந்து அணிவிக்கும்படி அமைத்திருந்தனர். புகலகத்தின் வாயிலை அடைந்ததும் விலங்குகள் அகற்றப்பட்டன. மேற்பார்வையாளர் இராவுணவு உண்டுகொண்டிருந்த அறைக்கு அவரை அழைத்துச் சென்று உடனமர்த்தி உண்பித்தனர். பின்னர் அவரது அறையைக் காட்டி, இங்கே அனைவரும் இயன்றவரை இன்பமாக வாழ வேண்டும் என்பதே எம் விருப்பம், உம்மைக் கட்டுப்படுத்த வேண்டிய தேவை நேராதென நம்புகின்றோம் என்னுங் கருத்துப்பட எடுத்துரைத்தனர். அவர் உள்ளம் நெகிழ்ந்தது. பின்னும் சிற்சில வேளைகளிற் சினமூண்டு கூச்சலிட்டார். அவ்வேளைகளில் மேற்பார்வையாளர் அவரருகே அமைதியாக அமர்ந்து, சினம் தணியும்வரை காத்திருந்து பேசினார். நான்கு மாதங்களளவில் அம்மனிதர் குணமடைந்து வீடு திரும்பினார்.

இந்நிகழ்ச்சியில் மருந்து எதுவும் இல்லை. அவசரமும் இல்லை. சினத்தை அடக்க வலிமை காட்டப்படவில்லை; சினம் தானே தணியும் என்னும் நம்பிக்கையுடன் ஒருவர் அருகிருந்தார். புகலகத்தின் முறை முழுவதும் இதனுள் அடங்கும். இருப்புச் சன்னற் கம்பிகள் மரச்சட்டம் போலத் தோன்றுமாறு அமைக்கப்பட்டன. தாழ்ப்பாள் இழுபடும் ஓசை சிறைச்சாலையை நினைவூட்டாதவாறு தோலுறையிட்டனர். முற்றத்திலே முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் உலாவின. வலுவற்ற உயிரைப் பேணுவதில் நோயாளர் தம் துயரைச் சற்று மறந்தனர். ஆடவர் தோட்டத்தில் வேலை செய்தனர்; பெண்டிர் தையலும் வீட்டுப்பணியும் செய்தனர். காலத்துக்குக் காலம் மேற்பார்வையாளர் தேநீர் விருந்துக்கு அழைப்பார்; நோயாளர் தம் நல்லுடை உடுத்து வந்து, விருந்தினர்க்குரிய முறையில் உரையாடியிருப்பர்.

புகலகத்தைக் குறையற்றதெனக் கூறுதல் வரலாறாகாது. சங்கிலி அங்கில்லையெனினும், தமக்கும் பிறர்க்கும் ஊறு செய்ய முற்பட்டோரைத் தோல்வாரினால் பிணித்ததும் தனியறையில் வைத்ததும் உண்டு. பிறரது நன்மதிப்பை இழத்தற்கு அஞ்சும் அச்சத்தையும் அவர்கள் ஒரு கருவியாகக் கொண்டனர். 1961ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் மிசேல் பூக்கோ இதனைக் கடுமையாகக் கண்டித்தார். கைகளிலிருந்த சங்கிலி கழன்றதாயினும், நோயாளர் தம்மைத் தாமே காவல்செய்யும்படி அவர் மனத்திலே வேறொரு சங்கிலி பூட்டப்பட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். இதனை முற்றாகத் தள்ளிவிடுதல் இயலாது. ஆயினும் இருண்ட அறையிற் சுவரோடு பிணிக்கப்பட்டுக் கிடத்தலும், மாலையில் ஒருவரோடு தேநீர் அருந்தி அமர்ந்திருத்தலும் ஒன்றெனக் கூறுவார் அரியர்.

இக்கருத்து யோர்க்கில் மாத்திரம் தோன்றியதன்று. பாரிசு நகரத்துப் பிசேத்திர் நிலையத்தில் 1793இல் வைத்தியராக அமர்ந்த பிலிப் பினேல், அங்கே மேற்பார்வையாளராயிருந்த பூசேன் என்பவரிடமிருந்து பொறுமையும் அன்பும் வாய்ந்த முறையைக் கற்றார். பினேலே சங்கிலிகளைக் களைந்தார் என்பது பரவிய கதை. 1797இல் அவற்றை நீக்கியவர் பூசேனே. அவர் முன்னர் அந்நிலையத்திலேயே நோயாளராக இருந்து குணமானவர். யோர்க்கில் ஒரு வணிகரும் ஒரு நெசவாளரும், பாரிசில் ஒரு பழைய நோயாளரும் இம்மாற்றத்தில் முன்னின்றமை கருதற்பாலது. நூலறிவினும், நோயுற்றோரோடு நெடுங்காலம் உடனிருந்து பெற்ற அறிவே ஈண்டு வழிகாட்டியது.

1813ஆம் ஆண்டில் வில்லியம் ரியூக்கின் பேரர் சாமுவேல் ரியூக், புகலகத்தின் வரலாற்றையும் முறையையும் விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அமைந்த நடையில் எழுதப்பட்ட அந்நூல் ஒரு பெருங் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. யோர்க் நகரத்துப் பழைய பைத்தியசாலையார் அது தம்மைச் சுட்டுகின்றதென எண்ணிச் சினந்தனர். அவ்வாண்டிலேயே கொட்பிறி ஹிக்கின்ஸ் என்னும் நீதவான் அந்நிலையத்தின் முறைகேடுகளை ஆராயத் தலைப்பட்டார். 1814இல், தமக்குக் காட்டாது மறைக்கப்பட்டிருந்த அறைகளை வலிந்து திறப்பித்து, அழுக்கிலும் துர்நாற்றத்திலும் பெண்கள் அடைபட்டிருந்ததைக் கண்டார். அதே ஆண்டில் இலண்டன் பெத்லெம் சாலையில், கழுத்திலும் உடலிலும் இரும்புப் பட்டையிட்டுப் பல்லாண்டு பிணிக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் நொறிஸ் என்பவரை எட்வேட் வேக்பீல்ட் கண்டு உலகறியச் செய்தார். 1815இற் பாராளுமன்றம் தெரிகுழு அமைத்து விசாரித்தது. ஹன்னா மில்ஸ் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளின் பின், மூடிய கதவுகள் திறந்தன.

பின்னர் இம்முறை பரவிற்று. அமெரிக்காவிற் பிலடெல்பியா நகரின் அயலிலே, யோர்க் புகலகத்தை முன்மாதிரியாகக் கொண்ட நிலையம் 1817இல் திறக்கப்பட்டது. லிங்கன் நகரில் றொபேட் காடினர் ஹில் 1838இற் பிணிக்கும் கருவிகள் அனைத்தையும் நீக்கினார். மறுவாண்டில் ஜோன் கொனொலி, எண்ணூறு நோயாளரளவில் இருந்த ஹான்வெல் நிலையத்திலும் அவ்வாறே செய்தார். 1845ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் நிலையம் அமைத்தல் கட்டாயம் என்றது. வெற்றி முழுமையானது போலத் தோன்றிற்று. ஆனால் அவ்வெற்றியிலேயே தோல்வியும் இருந்தது. 1851இல் இலண்டனின் அயலில் எழுந்த கொல்னி ஹச் நிலையத்தில், காலப்போக்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். முப்பது பேரை ஜெப்சன் பெயர் சொல்லி அழைத்திருத்தல் கூடும். இரண்டாயிரவரை எவர் அழைப்பார்? கட்டடமும் தோட்டமும் எஞ்சின. உடனிருந்து காத்திருக்கும் மனிதர் மறைந்தனர்.

அமைதி என்னும் கருத்து வேறொரு வழியிலும் சென்றது. அமெரிக்காவிற் சிறைச்சாலைகளின் கொடுமையைக் குறைக்க முற்பட்ட சங்கத்திற் குவேக்கர் பலர் இருந்தனர். குற்றவாளி தனியே அமைதியிலிருந்து தன் செயலை எண்ணி வருந்தித் திருந்துவான் என்னும் நல்லெண்ணத்தினால், 1829இற் பிலடெல்பியாவில் ஒரு சிறை அமைந்தது. ஒவ்வொருவனும் ஓரறையில் ஆண்டுக்கணக்கிலே தனித்திருந்தான். வெளியே செல்லுங்கால் முகம் மூடப்பட்டது. 1842இல் அதனைப் பார்வையிட்ட சாள்ஸ் டிக்கின்ஸ், உடலை வதைத்தலினும் கொடியது இது எனக் கண்டித்தார். அவ்வாண்டிலேயே இலண்டனிற் பென்ரன்வில் சிறை அம்முறையிலே திறக்கப்பட்டது. அங்கும் கைதிகள் சிலர் சித்தங் கலங்கினர். கலங்கியவரைத் தெளிவித்த அதே மௌனம், தெளிந்தவரைக் கலக்கிற்று.

இந்த முரண்பாடே நாம் கருதவேண்டிய பொருள். மௌனத்தின் அளவில் அன்று வேற்றுமை. அதனைத் தருவோர்க்கும் பெறுவோர்க்கும் இடையிலுள்ள உறவிலேயே வேற்றுமை. பிலடெல்பியா வைத்தியர் பெஞ்சமின் றஷ் ஏறக்குறைய 1811இல் ஒரு நாற்காலி அமைத்தார். நோயாளரின் கைகால்களைப் பிணித்துத் தலையைப் பெட்டி போன்ற கூட்டினுள் அசையாது நிறுத்தும் அதற்கு, அமைதிப்படுத்துவது என்னும் பொருளுடைய பெயரையே அவர் இட்டார். உடல் அசையவில்லை; உள்ளம் அமைந்திருக்குமோ? அசைவின்மையையும் அமைதியையும் ஒன்றெனக் கொண்ட தவறு அந்நாற்காலியில் வெளிப்படக் காணலாம்.

அத்தவறு மெல்லிய வடிவிலும் தோன்றும். அமெரிக்க வைத்தியர் வெயர் மிச்செல், 1877இல் வெளியிட்ட நூலில், நரம்புத் தளர்ச்சியும் மனச்சோர்வும் உற்ற பெண்களுக்கு ஓய்வுச் சிகிச்சை ஒன்றை விரித்துரைத்தார். ஆறு அல்லது எட்டு வாரம் படுக்கையிற் கிடத்தல், உறவினரைக் காணாதிருத்தல், பாலும் உணவும் மிகுதியாக உண்ணல், படித்தலும் எழுதுதலும் தவிர்த்தல் என்பன அதன் கூறுகள். சிலர் உடல் தேறினர். ஆயின் 1887இல் அவரிடம் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் சாலட் பேக்கின்ஸ் கில்மன், எழுதுகோலைத் தொடாதே என்னும் கட்டளையால் தாம் பித்தின் விளிம்புவரை சென்றதாகவும், அதனை மீறி வேலைக்குத் திரும்பியபின்னரே மீண்டதாகவும் பின்னர் எழுதினார். 1892இல் வெளிவந்த அவரது சிறுகதை இதன் பயனாகப் பிறந்தது. தம் விருப்பம் வினவப்படாத ஓய்வு அவருக்குச் சிறையாயிற்று.

இதற்கு மாறாக, யப்பானிய வைத்தியர் சோமா மொறிற்றா 1919 அளவில் அமைத்த முறையைக் கூறலாம். இளமையில் மரணபயத்தால் வருந்திய அவர், மிச்செலின் முறையையும் அறிந்திருந்தார். தம் நாட்டுச் செண் பௌத்த மரபையும் அறிந்திருந்தார். நோயாளரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். முதல் வாரமளவும் நோயாளர் தனியே படுத்திருப்பர். எழும் அச்சத்தை விரட்டவும் வேண்டா, விளக்கவும் வேண்டா. அது எழுந்து தணிவதைப் பார்த்திருந்தாற் போதும் என்பது அறிவுரை. சின்னாளிற் படுக்கை சலித்து, ஏதேனும் செய்யவேண்டும் என்னும் வேட்கை தானே எழும். அதன் பின்னர் இலேசான வேலை, நாட்குறிப்பு எழுதுதல், கடின வேலை, ஈற்றில் உலக வாழ்வு எனப் படிப்படியாகச் செல்வர். ஓய்வு இங்கே முடிவன்று. வாழ்வுக்குத் திரும்பும் வழியின் முதற்படி.

இவ்வரலாறுகளை ஒருங்கு நோக்கின் மூன்று உண்மைகள் பெறப்படும். அமைதி நோயாளரின் உடன்பாட்டோடு அமைதல் வேண்டும். நம்பத்தக்க ஒருவர் அண்மையில் இருத்தல் வேண்டும். தத்தமக்கு இயன்ற வேகத்தில் வேலைக்கும் சுற்றத்துக்கும் மீளும் வழி திறந்திருத்தல் வேண்டும். யோர்க்கில் இம்மூன்றும் பெரும்பாலும் இருந்தன. பென்ரன்வில்லில் ஒன்றேனும் இல்லை. மிச்செலின் படுக்கையறையில் முதலாவது இல்லை. கொல்னி ஹச்சின் நெடிய கூடங்களில் இரண்டாவது இல்லை.

ஈழநாட்டாராகிய நமக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. ஆங்கிலேயரின் சட்டமுறையைத் தழுவி 1873இற் சித்தப்பிரமை உற்றோர் பற்றிய கட்டளைச் சட்டம் இங்கே இயற்றப்பட்டது. அவர்கள் நாட்டிலே பெருகிய பெருநிலையங்களைப் போன்றவையே இங்கும் எழுந்தன, நிரம்பி வழிந்தன. அங்கொடை என்னும் ஊர்ப்பெயர் பழிச்சொல்லாக வழங்கிய கொடுமையையும் நாம் அறிவோம். பின்னர் 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் வடக்குக் கிழக்கு மக்கள் உள்ளத்தில் ஏற்படுத்திய புண்கள் எந்தக் கட்டடத்துள்ளும் அடங்கத்தக்கன அல்ல. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணிபுரிந்த தயா சோமசுந்தரம், போர் ஏற்படுத்திய உளவடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவரும் அவரோடு பணியாற்றியோரும், மூச்சுப் பயிற்சி, மந்திர செபம், தியானம், யோகாசனம் ஆகிய நாட்டு மரபுகளை மனந்தளர்ந்தோர்க்குச் சாந்தி தரும் வழிகளாகக் கையாண்டனர். சைவர்க்கு அவர் மரபு, கத்தோலிக்கர்க்குச் செபமாலை, முசிலிம்களுக்குத் திக்கிர் என அவரவர் நெறியில் நின்றே அமைதியைத் தேடச்செய்தனர். ஆசிரியர் முதலிய ஊர்மக்கள் பலர்க்கும் இப்பணியிற் பயிற்சி அளிக்கப்பட்டது.

இங்கும் எச்சரிக்கை வேண்டும். கொடுநிகழ்ச்சிகளைக் கண்டோர் சிலர்க்கு, கண்மூடித் தனித்திருத்தலே பழைய காட்சிகளைக் கிளறிவிடும். அவரைக் கட்டாயப்படுத்தித் தியானத்தில் அமர்த்துதல், றஷ்ஷின் நாற்காலியில் அமர்த்துதலை ஒக்கும். சும்மா இருத்தலின் அருமையைப் பாடிய தாயுமானவர் அதனை எளிய செயலாகக் கூறவில்லை; குருவின் அருளோடு கூடிப் பெறும் பேறாகவே போற்றினார். வீட்டில் ஒரு பிள்ளை பேசாதிருந்தால் உடனே பேசுவிக்க முயலுதலும், துயருற்ற மாணவனை விரைவில் மறந்துவிடும்படி கடிதலும், துணையின்றித் தனியே விட்டுவிடுதலும் ஒரே தவறின் மூன்று வடிவங்கள். அவனருகே அவசரமின்றி அமர்ந்திருக்கத்தக்க ஆசிரியர் ஒருவர் இருப்பாராயின், அக்கல்லூரியும் ஒரு புகலகமேயாம்.

யோர்க் நகரப் புகலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நோயாளரை ஏற்றுப் பேணி, 2018ஆம் ஆண்டின் இறுதியில் தன் உள்நோயாளர் பகுதியை மூடியது. மனை மூடினும் அது கற்பித்த பாடம் எஞ்சுகின்றது. ‘ஆறுதல்’ என்பது தன்வினை. ‘ஆற்றுதல்’ என்பது பிறவினை என்பதை இலக்கணம் பயில்வோர் அறிவர். புண்பட்ட உள்ளம் தானே ஆறவேண்டும். வேறெவரும் அதற்காக ஆறமுடியாது. ஆயினும் அது ஆறுமாறு, வாயிலில் விலங்கைக் கழற்றி, உணவு பகிர்ந்து, சினம் தணியும்வரை அருகிருந்து ஆற்றுவார் ஒருவர் வேண்டும். ஹன்னா மில்ஸ் என்னும் கைம்பெண்ணுக்கு 1790இல் அத்தகைய ஒருவர் கிடைக்கவில்லை. அவரைப் பார்க்க வந்தோர் வாயிலில் நின்று திரும்பிச் சென்றனர். ஆறு ஆண்டுகளின் பின், அந்நகரிலேயே வேறொரு வாயில் திறந்தது.